மேரிசெலின் சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்தால் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோச் சனம் நேரே வீட்டுக்குப் போகாது. சேர்ச் மண்டபத்தில் தேத்தண்ணீரும் ரோல்ஸும் இருக்கும், வெளியே லோரன்ஸின் வான் நிற்கும். முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, உறைந்த அறக்குளா மீன், கருவாடு என்று ஜெர்மனியிலிருந்து அவன் ஏற்றிக்கொண்டு வராத சாமான் இல்லை. மேற்குக் கடல் காற்று வான் கதவைப் பிடுங்கப் பார்க்கும். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கிழங்கு நிறுத்துக் கொடுப்பான். பாவம், உழைப்பாளிதான். அதை இல்லையென்று சொல்லக்கூடாது.

அந்த வானில்தான் சந்திரகோமளப் பாணி என்கிற நாட்டுப் பாகும் வந்து இறங்கியது. கறுப்புப் போத்தில், சிவப்பு மூடி, பெட்டியில் தாடி வைத்த ஒரு பெரியவரின் படம். உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமும் வரும். "சகலவித வாதம், பித்தம், சிலேஷ்மம், நீரிழிவு, மூலம், பவுத்திரம், காமாலை, சித்தப்பிரமை, பாம்புக்கடி, துர்ச்சொப்பனம் முதலியவைகளைச் சமூலநாசஞ் செய்யும்" என்று தொடங்கி, தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த டேனிஷ் கவர்னர் துரையவர்களின் நீர்க்கோவையை 1861ஆம் வருஷம் ஏழே நாளில் தீர்த்துவைத்த அரிய ஔஷதம் என்று முடியும். துரை கைப்பட எழுதிய நற்சாட்சியும் உண்டாம். யார் கண்டது!

"அக்கா, நான் வியாபாரத்துக்காகச் சொல்லேல்லை" என்றான் லோரன்ஸ். "நானும் குடிக்கிறன். காலமை ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி. இந்த நாட்டு டொக்டர்மாருக்கு என்ன தெரியும்? அவையின்ர கவர்னரே எங்கட ஆக்களிட்டை வாங்கிக் குடிச்சுத்தான் எழும்பினவர்."

"எனக்கு முழங்கால் மட்டுந்தான் தம்பி" என்றாள் மேரிசெலின்.

"முழங்காலும் உடம்பிலதானே அக்கா இருக்கு?"

அவள் ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு போனாள்.

மேரிசெலினின் முழங்கால் சும்மா கெட்ட முழங்கால் அல்ல. மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்து, முகாமை விட்டு வெளியே கால் வைத்த நாளிலிருந்து பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவள். காலுக்குக் கீழே ஈரச் சீமெந்து, கையில் கத்தி, கழுத்தில் குளிர். அது மூடியபிறகு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடம். அங்கே குளிர் இல்லை, வேக்காடு. கிழவர்கள் நனைத்த படுக்கைத் துப்பட்டிகளை அள்ளி மெஷினுக்குள் திணித்து, வெந்து வருவதை இழுத்து மடித்து, வண்டிலில் அடுக்கி நடைபாதை முழுக்கத் தள்ளவேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். புருஷன் இருந்த காலத்தில் கை கொடுப்பான். அவனும் போய்ச்சேர்ந்துவிட்டான்.

டொக்டரிடம் போகாமலில்லை. போனாள். தேய்மானம் என்றார்கள், உடம்பைக் குறை என்றார்கள், நோவுக்குப் பனொடில் போடு, தண்ணீர் குடி, அப்பியாசம் செய் என்றார்கள். "வண்டில் தள்ளுறதெல்லாம் அப்பியாசம் இல்லையாக்கும்" என்று அவள் தமிழில் முணுமுணுத்துவிட்டு வந்தாள்.

பாணி கராம்பும் கருகின சர்க்கரையும் கலந்த மணம். குடித்து ஒரு கிழமை ஆகவில்லை, காலையில் கட்டிலை விட்டு எழும்பியவள் குசினிவரை போய், தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்த பிறகுதான் தான் நொண்டாமல் நடந்து வந்ததை உணர்ந்தாள். திரும்ப அறைக்குப் போய் மறுபடி நடந்து வந்து பார்த்தாள். நோ இல்லை. அம்மாடி, துளி நோ இல்லை! அந்தக் கிழமை குரக்கன் பிட்டு அவித்து, பால்சொதி வைத்து, நின்ற நிலையிலேயே மீன் பொரித்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

முகமும் உருண்டு வந்தது. கன்னம் இரண்டும் பளபளவென்று பூரித்துவிட்டன. சனம் பார்த்துவிட்டு, "செலினக்காவுக்கு இளமை திரும்புது" என்று பகிடி பண்ணியது.

இனி அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நடக்கும் அவர்களுடைய செபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் கிடைத்தவர் எழும்பி எல்லாருக்கும் முன்னால் சாட்சி சொல்லவேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் கிடைத்த வரம் போய்விடும் என்று ஒரு பயம். சொன்னதைத் திருப்பி எடுப்பதோ அதைவிடப் பெரிய பாவம், மாதாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போல. மேரிசெலின் எழும்பினாள். முழங்காலைச் சொன்னாள், மாதாவைச் சொன்னாள், மாதா லோரன்ஸின் கையில் கொடுத்துவிட்ட பாணியைச் சொன்னாள். சனம் அல்லேலூயா என்றது. அந்தச் சத்தம் ஒருவரைச் சும்மா விடாது, மேலே மேலே தள்ளும். "எனக்கு முழங்கால். உங்களுக்கு எந்த நோய் வருத்தமெண்டாலும் பயப்படாம குடிங்க!" என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டாள். அந்தக் கடைசி வசனத்தை அவள் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வரவில்லை.

லோரன்ஸ் அதைக் கைபேசியில் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினான். கொப்பன்ஹேகனிலிருந்துகூட ஆட்கள் போத்தில் கேட்டு எடுத்தார்கள்.

முன்வரிசையில் இருந்து அந்தச் சாட்சியைக் கேட்டவள் தங்கராணி.

தங்கராணியும் மேரிசெலினும் ஒரே முகாமில், ஒரே அறையில், ஒரே கட்டிலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் படுத்தவர்கள். தொழிற்சாலையிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். செலினுக்கு மகள் அபிதா பிறந்தபோது பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுத்தது அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் குருசுமுத்து ஒருவர்தான், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தங்கராணிக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசியை வயிற்றில் குத்துகிற நேரமெல்லாம் முகத்தைச் சுளித்து, "என்ட உடம்பை நானே கொத்திக் கொத்தித் தின்னுறன்" என்பாள்.

அவள் பாணியை வாங்கினாள். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு விட்டேவிட்டாள். செலினுக்கு அது தெரியுமா என்று கேட்டால், தெரியும். ஒருநாள் டெலிபோனில் சொன்னாள்.

"செலின், நான் ஊசியை விட்டுட்டன் கா. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு."

"டொக்டருக்குச் சொன்னியா?"

"அவன் கேட்டான், வேற மருந்து ஏதும் எடுக்கிறியா எண்டு. இல்லயெண்டன். இது மருந்தா? பாணிதானே."

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள் செலின். அவளும் தன்னுடைய டொக்டரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பாணி சாப்பாட்டோடு சேர்ந்தது, மருந்தென்றால் மருந்துக்கடையில் வாங்குவது. அவர்கள் இருவரும் வஞ்சகமாக மறைக்கவில்லை. மனதாரத்தான் இல்லையென்றார்கள்.

மாரி தொடங்கிய காலத்தில் தங்கராணியின் வலது பெருவிரலில் சப்பாத்து வெட்டி ஒரு புண் வந்தது. பாணியையே தொட்டுப் பூசினாள். புண் கறுத்தது. கெட்ட மணம் வந்தபிறகுதான் குருசுமுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது செலின் சலவைக்கூடத்தில் நின்றாள். கையில் இருந்த துப்பட்டியை மடித்தாள், அவிழ்த்தாள், திரும்ப மடித்தாள். ஒரே துப்பட்டி. கூட வேலை செய்கிற டேனிஷ்காரி வந்து தோளைத் தொட்டபிறகுதான் நிறுத்தினாள்.

பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை செய்கிற அபிதா அந்தக் கிழமையே வந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், மேசையில் இருந்த போத்திலைப் பார்த்தாள். எத்தனை மாதமாக, எவ்வளவு என்று டேனிஷில் கேட்டாள். செலின் தமிழில் சொன்னாள். அந்த வீட்டில் கதை எப்போதும் அப்படித்தான் ஓடும். அபிதா துண்டுப் பிரசுரத்தையும் படித்துவிட்டு, அபூர்வமாகத் தமிழுக்கு வந்தாள்.

"அம்மா, இதில போட்டிருக்கிற வருஷத்துக்கு முன்னமே டேனிஷ்காரர் தரங்கம்பாடியை இங்கிலிஷ்காரருக்கு வித்திட்டுப் போயிட்டினம். கவர்னரும் இல்லை, நீர்க்கோவையும் இல்லை. எல்லாம் பொய்."

"என்ட கால் சுகமானது பொய்யாடி?"

"வாங்கோ. இரத்தம் சோதிப்பம்."

சோதித்தார்கள். போத்திலையும் அனுப்பிச் சோதித்தார்கள். உள்ளே ஸ்டீரொயிட் இருந்தது. அது வீக்கத்தை அடக்கும், நோவைத் தெரியாமல் செய்யும், பசி கொடுக்கும், முகத்தை ஊதவைக்கும், சீனியை ஏற்றும் என்று டொக்டர் விரல் மடித்துச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவரைப் படுக்கவைக்கும், சீனி வருத்தக்காரரைக் கொல்லும் என்றார். "உடனே நிறுத்தாதே, உன் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. நான் குளிசை தருகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கவேண்டும்" என்றார். செலினுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. சீனியை ஏற்றும் என்ற சொல் மட்டும் ஏறியது.

தங்கராணி ஊசியை விட்டது ஒரு பிழை. அதற்குமேல், குடித்த ஒவ்வொரு கரண்டியும் அவளைத் தின்றிருக்கிறது.

"நான்தானே புள்ள குடிக்கச் சொன்னன்" என்று காருக்குள் இருந்து வாய்விட்டு அழுதாள். "எந்த வருத்தமெண்டாலும் குடி எண்டு நான்தானே கத்தினன்."

"அரசாங்கத்துக்கு அறிவிச்சிட்டன் அம்மா. அவை வந்து போத்திலெல்லாம் எடுப்பினம். நாள் செல்லும்."

"நாள் செல்லுமெண்டா? இந்த ஞாயிறும் வான் வருமே!"

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சாட்சியைத் திருப்பி எடுக்கவேண்டும். மாதா கோபித்தாலும் எடுக்கவேண்டும்.

பாணியை விட்டுக் குளிசைக்கு இறங்கிய முதல் நாட்களிலேயே நோ திரும்பி வந்தது. முன்பு இருந்ததைவிட மோசமாக வந்தது. அந்த ஞாயிறு செபக்கூட்டத்துக்கு ஊன்றுகோலோடு போனாள். மழையென்றால் மழை, ஜன்னல் கண்ணாடியில் மணல் எறிவதுபோல அடித்தது. சாட்சி நேரம் வந்ததும் எழும்பினாள்.

"நான் முன்னம் சொன்ன சாட்சி பிழை" என்றாள். "மாதா என்னை மன்னிக்கட்டும். அந்தப் பாணிக்குள்ள ஸ்டீரொயிட் போட்டிருக்கிறாங்க. சோதிச்சுப் பாத்தாச்சு. எனக்குச் சுகமாகல்ல, நோ தெரியாமப் போச்சு, அவ்வளவுதான். அதக் குடிச்சுத்தான் தங்கராணிட கால் போச்சு. தயவுசெய்து ஒருத்தரும் குடிக்காதீங்க. வீட்டில இருந்தா ஊத்துங்க. ஆனா குடிச்சுப் பழகினவங்க ஊத்த முன்னம் டொக்டரிட்டக் காட்டுங்க, திடீரெண்டு நிப்பாட்டக்கூடாதாம்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. கதிரைகள் கிறீச்சிட்டன. பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"ஸ்டீரொயிட் எண்டா நல்ல சக்தியான மருந்தெல்லோ?"

"என்ர மச்சாளுக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கேக்க ஆஸ்பத்திரியில அதுதான் குடுத்தவை" என்றாள் ஒருத்தி. "அடுத்த நாளே எழும்பியிட்டா."

"இங்க டொக்டரிட்டைப் போனா அதை லேசில எழுதித் தருவானோ? பனொடிலும் தண்ணியும்தான்."

"அப்ப பாணிக்குள்ள உண்மையாவே மருந்து இருக்கு. நான் இவ்வளவு நாளும் வெறும் சர்க்கரைத் தண்ணியெண்டு நினைச்சன்."

"ஐயோ, நான் அதச் சொல்லல்ல!" என்று செலின் கத்தினாள். "கேளுங்க, அவளுக்குக் கால் போச்சு! கால்!"

"அவவுக்குச் சீனி அக்கா. எங்களுக்குச் சீனி இல்லைத்தானே" என்றது இன்னொரு குரல், ஆறுதல் சொல்கிற மாதிரி.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வானுக்கு முன்னால் வரிசை நின்றது. குடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன கிழமை கிழங்கு மட்டும் வாங்கிக்கொண்டு போன ஆட்களும் நின்றார்கள். லோரன்ஸ் அவளைக் கண்டதும் தலை குனிந்தான்.

"அக்கா, என்னில கோவியாதேங்கோ. நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. சனம் தானா வருது."

"நீ குடிக்கிறியா இன்னும்?"

அவன் ஒரு போத்திலைப் பையில் போட்டு அடுத்த ஆளிடம் நீட்டினான். அவனுடைய முகமும் உருண்டுதான் இருந்தது. எந்தத் தொழிற்சாலையில் எவன் கலக்கினானோ, இவனுக்கு அது தெரியாது. அவனைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஊன்றுகோலை எடுத்து போத்தில்களை அடித்து உடைக்கவேண்டும் போல இருந்தது, அதற்கும் காலில் பலமில்லை.

தங்கராணியைப் பார்த்து இதைச் சொல்ல அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தங்கராணி தலையணையில் சாய்ந்து இருந்தாள். போர்வை ஒரு பக்கம் முழுதாக நீண்டிருந்தது, மற்றப் பக்கம் பாதியில் தட்டையாகிப் போயிருந்தது. செலின் அந்தப் பக்கம் பார்க்காமல் கதிரையில் இருந்தாள். குருசுமுத்து ஜன்னலோரம் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மற்றக் காலிலயும் கொப்புளம் வந்திருக்காம் செலினக்கா" என்றார் அவர் மெதுவாக. "ஊசியெல்லாம் ஒழுங்காப் போடுறாங்க. ஆனா சீனி இறங்குதில்ல. ஏனெண்டு டொக்டர்மாருக்கும் விளங்குதில்லயாம். இறங்காட்டி அந்தக் காலும்..."

"சும்மா இருங்க. எல்லாம் இறங்கும்" என்றாள் தங்கராணி. முகம் பூரித்து, கன்னம் பளபளத்தது. காய்ச்சலில் கிடந்து காலை இழந்தவளுக்கு இந்தக் கன்னம் எங்கிருந்து வந்தது? அலுமாரித் தட்டில் பழரசப் போத்தில் ஒன்று இருந்தது. எட்டி எடுத்து மூடியைத் திறந்தாள். கராம்பும் கருகின சர்க்கரையும்.

"வை அதை" என்றாள் தங்கராணி.

"ராணி, இது நஞ்சடி. சோதிச்சாச்சு. இண்டைக்குக் கூட்டத்தில எழும்பிச் சொல்லிப்போட்டு வாறன்."

"கேள்விப்பட்டன். டெலிபோன் வந்தது. நல்ல மருந்து போட்டிருக்கெண்டு எல்லாரும் கதைக்கிறாங்களாம்."

"உனக்கு அது சீனியை ஏத்தும். ஊசி ஒரு பக்கம் இறக்க, இது மற்றப் பக்கம் ஏத்துது. விளங்குதா உனக்கு?"

"நீ குடிச்ச நேரம் நோ இல்லாம நடந்தியா இல்லையா?"

"நடந்தன்."

"இப்ப?"

"இப்ப நடக்க ஏலா. பாக்கிறாய்தானே."

"அப்ப மறுகா என்னத்துக்குக் கா நிப்பாட்டினாய்?" தங்கராணி தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். "உன்ட சாட்சியைக் கேட்டுத்தான் நான் தொடங்கினன். இப்ப வந்து அது பொய்யெண்டு சொல்றாய். பொய்யெண்டா நான் என்னத்துக்காக இந்தக் காலைக் குடுத்தன்? சொல்லு. நம்பிக்கை குறைஞ்சு, நடுவில ரெண்டு நாள் குடிக்காம விட்டன். அதாலதான் கால் போச்சு. இனி விடமாட்டன்."

இவளை ஏசுவதா, கட்டிப்பிடிப்பதா? அவள் தங்கராணியின் கையைப் பிடித்தாள்.

"என்னை ஏசு. அடி. நான் சொன்னது பிழை. பிழை, பிழை. ஒருக்கா என்ட சொல்லைக் கேட்டுக் குடிச்சாய், இன்னொருக்கா என்ட சொல்லைக் கேட்டு அதை விடன்."

"மாதாவுக்கு முன்னால சொன்னதைத் திருப்பி எடுத்தவட சொல்லை நான் எப்படிக் கேக்கிறது?" என்று தங்கராணி கையை உருவிக்கொண்டாள். "போத்திலை வைச்சிட்டுப் போ. இந்த டொக்டர்மாரிட்டச் சொன்னியோ, நீ எனக்கு ஆருமில்ல."

செலின் போத்திலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குருசுமுத்து தோடம்பழத்தை உரித்து முடித்து, சுளையைப் பிரித்து, ஒருவருக்கும் கொடுக்காமல் தட்டில் வைத்தார். அவர் தடுக்கமாட்டார், சொல்லவும்மாட்டார். கொண்டுவந்து கொடுத்ததே அவர்தானே. பெண்சாதி கேட்டால் கொண்டுவருவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறொன்றும் தெரியாது.

செலின் கட்டிலின் பக்கத்தில் தொங்கிய மணியை அழுத்தினாள்.

"செலின்!" என்றாள் தங்கராணி.

வெள்ளை உடுப்போடு தாதிப்பெண் வந்தாள். சலவைக்கூடத்தில் துப்பட்டியையும் சவர்க்காரத்தையும் பற்றிப் பேசப் பழகிய டேனிஷ் செலினுடையது. அதை வைத்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி, இது என்ன, உள்ளே என்ன இருக்கிறது, இவள் இதை எவ்வளவு காலமாகக் குடிக்கிறாள், இங்கே படுத்துக்கொண்டும் குடிக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தன் கைப்பையிலிருந்த சோதனை அறிக்கையையும் கொடுத்தாள். தாதியின் முகம் மாறியது. போத்திலை வாங்கிக்கொண்டு, டொக்டரைக் கூப்பிட ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தங்கராணி கத்துவாள் என்று செலின் எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவவ வெளிய போகச் சொல்லுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். நீ என்றும் வா என்றும் அழைத்தவளை, கூட ஒரே கட்டிலில் காலம் கழித்தவளை, யாரோ அந்நியப் பெண்ணைப் போல மரியாதை வைத்து இவ என்றாள்.

செலின் எழும்பி வெளியே வந்தாள். லிஃப்டுக்குப் போகும் நடைபாதை நீளமாகக் கிடந்தது. பாதி தூரம் போய்ச் சுவரில் கையூன்றி நின்றபோது குருசுமுத்து பின்னாலே வந்தார்.

"செலினக்கா, குறை நினைக்காதீங்க. சொல்லச் சொல்லி அனுப்பினவ, அதால சொல்றன். அவட செத்த வீட்டுக்கும் நீங்க வரக்கூடாதாம்."

செலின் ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்தாள். கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

"வரமாட்டன் அண்ணை" என்றாள். "அந்தச் செத்த வீடு இப்ப வரக்கூடாதெண்டுதான் நான் மணியை அடிச்சனான்."